டாக்டர் மரகதத்துக்கு நான் எடுத்த விழா

அந்த ஞாயிறு மலரைக் கொஞ்சம் கொடுங்க தம்பி. நடுப்பக்கம். ஆமா, இதேதான். இந்தப் போட்டோவுல இடது ஓரத்துல பாதித் தோள் ஒண்ணு தெரியுதுங்களா, கையில வெள்ளிக் கேடயத்தோட? அந்தத் தோள் என்னுதுங்க. டாக்டர் குழந்தைவேல். எங்க மலையடிவாரத்துல வசுமதி மருத்துவமனைன்னு கேட்டா சின்னக் குழந்தையும் வழி சொல்லும். இந்த விழாவை எடுத்ததே நான்தானுங்க. மண்டபம் புடிச்சது நான். பொன்னாடை எடுத்தது நான். டாக்டர் மரகதம்னு அந்தம்மா பேரை முதல்ல சொன்னதே நான். தோள் மட்டும் வந்திருக்குது.

வயித்தெரிச்சல்ல பேசறேன்னு நினைக்காதீங்க. சென்னை வரைக்கும் போகணும், நீங்க பக்கத்துல உக்காந்திருக்கீங்க, இதை விரிச்சு வெச்சிருக்கீங்க. அதனால சொல்றேன். இல்லைன்னா நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கற ஆள் இல்ல.

விழா முடிஞ்சு மாசக்கணக்காச்சு, இப்பத்தான் போடறான். என்ன போட்டிருக்கான் பாருங்க. "ஏழைக்கும் எளியோருக்கும் சம வைத்தியம் கண்ட மரகதம்." சரி, இருக்கட்டும். நான் இல்லேங்கல. எங்க தாலுகா ஆஸ்பத்திரிக்குப் பிரசவ டாக்டரா அந்தம்மா வந்தப்போ, மலையில இருந்து ஒரு பொம்பளையும் பிரசவத்துக்குக் கீழே இறங்க மாட்டா. அங்கேயே பெத்துக்குவாளுக, இல்லைன்னா செத்துப்போவாளுக. அதுக அப்படித்தானுங்க, பயந்த சனம். இந்தம்மா என்ன பண்ணுச்சுன்னா, வாராவாரம் மலைக்கு ஏறிப் போயி, அதுக பேசற பேச்சைக் கத்துக்குச்சு. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி பாழடைஞ்சு கிடந்த குவார்ட்டர்ஸை வெள்ளையடிச்சு, நிறைமாசக்காரங்க முன்கூட்டியே வந்து தங்கிக்கட்டும்னு விட்டுச்சு. துணைக்கு அவங்க ஊர்ப் பொம்பளை ஒருத்தி பிரசவ ரூமுக்குள்ளயே வரலாம்னுச்சு. நாங்க டாக்டருங்க எல்லாம் சிரிச்சோம். ஆனா ஒண்ணு சொல்லணும், அதுக்கப்புறம் எங்க மலையில பிள்ளைத்தாச்சி சாவு கேள்விப்படறது அபூர்வம் ஆயிருச்சு. சொல்ல வேண்டியதைச் சொல்லணுமில்லீங்களா.

சொல்லக்கூடாததையும் சொல்றேன். நர்சுகளைக் கூப்பிட்டு வெச்சு, மலையில இருந்து வர்றவங்களை 'வாங்க, உக்காருங்க'ன்னுதான் சொல்லணும்னு சட்டம் போட்டுச்சு. எவளாவது 'ஏ, இங்க வா'ன்னு சொல்லிட்டா, அந்தம்மா அங்கேயே நின்னு, 'இன்னொரு தடவை சொல்லுங்க சிஸ்டர்'னு திருப்பிச் சொல்ல வைக்குமாம். எங்க பக்கத்துக்காரங்களுக்கு ஒருத்தர் மரியாதை கத்துக் கொடுக்கணுங்களா? நாயைத் துரத்தினாக்கூட 'அந்தப் பக்கம் போங்க'ன்னு சொல்ற ஊருன்னு எங்களுக்குப் பேரு. எதுக்கும் ஒரு வெவஸ்தை வேண்டாமுங்களா.

அந்தம்மா யாருன்னு உங்களுக்குத் தெரியாது. அவங்கப்பா எங்க நகராட்சியில துப்புரவுத் தொழிலாளி. எங்க தெருவைத்தான் கூட்டுவாரு. இதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேனுங்க. சொல்லக்கூடாதுன்னு எங்க டாக்டர்கள் சங்கத்துல ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியாச் சொல்லி வெச்சிருக்கேன். சாதி பாக்கற பழக்கம் எனக்குக் கிடையாது. கோட்டாவுல படிச்சு வந்தவங்கன்னு சிலபேர் ஒரு மாதிரி பேசுவாங்க. நான்தான் அடக்குவேன். கோட்டாவுல வந்தாலும் கையில தொழில் இருக்குதப்பான்னு சொல்லுவேன். தங்கப் பதக்கம் வாங்கினவங்க அவங்க. நான் கர்நாடகாவுல படிச்சேன். எங்கப்பா தென்னந்தோப்பை வித்து என்னைச் சேத்துவிட்டாரு. யார் தயவுலயும் வந்த சீட்டு இல்லீங்க அது.

சங்க மீட்டிங்குக்கு வந்தா அந்தம்மாவுக்கு ஒரே பாட்டு. ஒரு நாள் எல்லார் முன்னாடியும் என்னைக் கேக்குது. "டாக்டர், உங்க ஆஸ்பத்திரியில காலனிக்காரங்க, மலைக்காரங்க யாராச்சும் வேலை செய்யறாங்களா?"

"இருக்காங்களே மேடம்" அப்படின்னேன். இருக்காங்கதானே.

"கூட்டிப் பெருக்கறதுல கேக்கலீங்க. ஊசி போடறதுல."

"வர்ற நோயாளிங்க ஒத்துக்கணுமில்ல மேடம்" அப்படின்னேன். அதுக்கு அந்தம்மா சொல்லுச்சு: "அவங்களும் நோயாளிகதானே டாக்டர். உள்ளே வந்தா தன்னை மாதிரி ஒரு முகம் இருக்கணும்னு அவங்களுக்கும் இருக்காதுங்களா?" சொன்னதோட விடல. லீவு நாள்ல மலைப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து வீட்டு ஹால்ல உக்கார வெச்சுப் பாடம் நடத்துச்சு. ஒருத்தி நர்சு ஆயிட்டா. ஒருத்தன் ரத்தம் பரிசோதிக்கற லேப்ல இருக்கான். ஒருத்தி டாக்டருக்கே படிக்கிறா. கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் பண்ணிக்கல அந்தம்மா. அதனால நேரம் இருக்குது.

சரி, விழாவுக்கு வர்றேன். மாநிலச் சங்கத்துல இருந்து இந்த வருஷத் தலைப்பு 'எல்லாருக்கும் மருத்துவம்'னு அனுப்பிட்டாங்க. ஒவ்வொரு ஊர்லயும் அந்த மாதிரி ஒரு டாக்டரைப் பாராட்டணும். நல்லாப் பண்ற கிளைச் செயலாளருக்கு மாநிலப் பொறுப்புல ஒரு இடம் கிடைக்கும்னு பேச்சு. நான்தான் செயலாளர். அதுக்காகன்னு நினைக்காதீங்க. அந்தம்மா ரிட்டயர் ஆகற நேரம், நாமளும் பெரிய மனசு பண்ணணும்னு நானே வீடு தேடிப் போனேன்.

"எனக்கு எதுக்குங்க டாக்டர் விழா?" அப்படின்னாங்க.

"உங்களுக்கு இல்லாம யாருக்கு மேடம்."

"மலையில இருந்து நம்ம சனங்களும் வந்தா நான் வர்றேன்"னாங்க.

"தாராளமா வரட்டும். ஒரு பத்துப் பேரைக் கூட்டிட்டு வாங்க."

ரெண்டு வேன் நெறைய வந்து இறங்குச்சுங்க தம்பி. கைக்குழந்தையோட பொம்பளைங்க, கிழவனுங்க, எல்லாம் பூ வெச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு. நான் முகம் சுளிக்கல. சாப்பாடு ஏற்பாடு பண்ணியிருந்தேன். மாடியில ஏ.சி. ஹால்ல டாக்டர் குடும்பங்களுக்கும் பெரிய மனுஷங்களுக்கும். மண்டபத்துக்குப் பின்னாடி தகர ஷெட்டுல இவங்களுக்குப் பந்தி. அதே சமையல்காரர், அதே சோறு. ரெண்டு பதார்த்தம் குறைச்சல், ஐஸ்கிரீம் இல்ல, அவ்வளவுதான். ஐஸ்கிரீம் அதுகளுக்குப் பழக்கம் இல்லீங்க, சளி புடிச்சுக்கும். ஒரு டாக்டரா நான் அதையும் பாக்கணுமில்ல.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. பொன்னாடை போத்தினோம். தலைமை விருந்தினர் அரைமணி பேசினாரு. ஏற்புரைக்கு அந்தம்மா எந்திரிக்கறதுக்கு முன்னாடி, மாதின்னு அந்த மலை நர்சு மேடையோரம் வந்து காதுல என்னமோ சொல்லுச்சு. அங்கதான் வந்துச்சு வினை.

மைக்கைப் புடிச்சு சத்தமாக்கூடப் பேசலீங்க அந்தம்மா. கதை சொல்ற மாதிரிச் சொல்லுச்சு. "நான் இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு டாக்டரா வர்றதுக்கு முந்தின வருஷம் ரங்கின்னு ஒருத்தங்க பிரசவ வலியோட மலையில இருந்து இறங்கினாங்க. அரசு ஆஸ்பத்திரியில அன்னிக்கு டாக்டர் இல்ல. ஊர்ல நாலு தனியார் ஆஸ்பத்திரி இருந்துச்சு. நாலு வாசல்லயும் படுக்கை இல்லைன்னு சொல்லிட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல இளநீர்க் கடைக்குப் பின்னாடி பெத்தாங்க. குழந்தை பொழைச்சுது. அவங்க பொழைக்கல. அந்தக் குழந்தைதான் இப்ப எங்க பிரசவ வார்டு நர்சு மாதி. அந்த நாலு வாசல் யாருதுன்னு சொல்ல நான் வரலீங்க."

பேர் சொல்லல பாருங்க. சொல்லியிருந்தா மானநஷ்ட வழக்குப் போட்டிருப்பேன். சொல்லாம விட்டதுலதான் மண்டபமே திரும்பி என்னைப் பாத்துச்சு. ஏனுங்க, நாலு ஆஸ்பத்திரின்னா நாலு பேரையுமில்ல பாக்கணும்? அன்னிக்கு உண்மையாவே படுக்கை இல்லீங்க. காலியா இருந்தது ரெண்டும் ஸ்பெஷல் ரூம்.

அதோட நிறுத்தல. "நீங்க பண்ணின மரியாதைக்கு நன்றிங்க. ஆனா நான் இத்தனை வருஷமாக் கேட்டது பொன்னாடை இல்ல. என்கூட வந்தவங்களுக்குப் பின்னாடி ஷெட்டுல தனியா இலை போட்டிருக்காங்களாம். நானும் அங்கதான் சாப்பிடப் போறேன். பிரியப்பட்டவங்க வாங்க." சொல்லிட்டு மேடையை விட்டு இறங்கிப் போயிருச்சு. கேடயத்தை வாங்கவே இல்ல. அதைக் கையில புடிச்சுக்கிட்டு 'மேடம், மேடம்'னு நான் பின்னாடியே ஓடறேன். தலைமை விருந்தினர் எந்திரிச்சுட்டாரு, போட்டோக்காரன் ஓடறான், வேடிக்கை பாக்க எல்லாரும் ஓடறாங்க. ஷெட்டுல நிக்க இடம் இல்ல. என் சம்சாரம் வசுமதி, முப்பது வருஷமா நான் சொன்ன பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவ, மாடியில இருந்து ஐஸ்கிரீம் வாளியைத் தானே தூக்கிட்டு இறங்கி வர்றா. எம் மகள் நிரஞ்சனா, பட்டுப்புடவையோட அந்த மாதிக்குப் பக்கத்துல தரையில சம்மணம் போட்டு உக்காந்து இலையை இழுத்துக்கிட்டா. அப்ப எடுத்ததுதான் இந்தப் போட்டோ.

போட்டோ போனாப் போகட்டும். மாநிலப் பொறுப்பும் போகட்டும். என் வீடு போச்சே தம்பி.

எம் மகளும் பிரசவ டாக்டர்தானுங்க. மேல்படிப்பு முடிச்சு வந்தா. அவளுக்காகவே ஆஸ்பத்திரிக்கு ரெண்டாவது மாடி எடுத்தேன். பேர்ப்பலகைகூட எழுதி வெச்சாச்சு. இந்த விழா முடிஞ்ச கொஞ்ச நாள்ல, அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டு, மலைமேல இருக்கற ஆஸ்பத்திரியைத்தான் வேணும்னு கேட்டு வாங்கிட்டு வந்து நிக்கறா. சாப்பிட உக்காந்தப்போ கேட்டேன்.

"பாப்பா, மாடி உனக்காகக் கட்டினது."

"தெரியும்பா."

"அப்புறம் எதுக்கு?"

அவ எனக்கு ரசம் ஊத்திக்கிட்டே கேக்கறா. "அந்த நாலு வாசல்ல ஒண்ணு நம்முதாப்பா?"

"படுக்கை இல்ல சாமி அன்னிக்கு" அப்படின்னேன்.

"நீங்க போய்ப் பாத்தீங்களா, இல்ல வாட்ச்மேன் சொன்னாரா?"

பெத்த அப்பனைக் கேக்கற கேள்விங்களா இது? கையை உதறிட்டு எந்திரிச்சுட்டேன். மறு வாரம் பெட்டியைத் தூக்கிட்டு மலை ஏறிட்டா. சமைச்சுப் போட ஆள் வேணும்னு வசுமதியும் பாதி நாள் அங்கேயே இருக்கா. நான் என் ஆஸ்பத்திரி கேன்டீன்ல சாப்பிடறேன். இட்லி கல்லு மாதிரி இருக்குது. முதலாளி சாப்பிடறாருன்னு தெரிஞ்சும் அப்படித்தான் போடறான்.

அந்தம்மா வீட்டுக்கே போய் நின்னுட்டேன் ஒரு நாள். "எம் பொண்ணைக் கலைச்சுட்டீங்களே மேடம்"னு கேட்டேன்.

"வாங்க டாக்டர், உக்காருங்க" அப்படின்னாங்க. "நான் ஒரு வார்த்தை சொல்லலீங்க. அவங்களா வந்தாங்க. சிக்கலான கேஸ்னா என்னைக் கூப்பிடுவாங்க, போவேன். கை நடுங்காமத் தைக்கிறாங்க. நீங்க பெருமைப்படணும்."

டீ கொண்டு வந்து வெச்சாங்க. நான் குடிக்கலீங்க. வேற ஒண்ணும் இல்ல, அன்னிக்குப் பித்தமா இருந்துச்சு.

அதான் இப்பச் சென்னைக்குப் போறேன். நாளைக்குக் காலையில சுகாதாரத் துறையில ஒருத்தரைப் பாக்கணும். ஊர் மாத்தற வேலையெல்லாம் அவர் கையிலதான். மலையை விட்டு இறக்கிட்டா, வேலை புடிக்காம அவளே எழுதிக் கொடுத்துட்டு வந்துருவா. வசுமதிக்குத் தெரியாது. தெரிஞ்சா...

இருங்க, போன். எம் மகள்தான்.

சொல்லு சாமி. சாப்பிட்டேன். நானா, சேலத்துல ஒரு கல்யாணம், ரயில்ல போயிக்கிட்டு இருக்கேன். என்ன சத்தம், ஆம்புலன்ஸா? எத்தனை மாசம்? எவ்வளவு ரத்தம் போயிருக்குது? தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டியதுதானே. ஆபரேஷன் தியேட்டர் பூட்டியிருக்கா, மராமத்து முடியலையா இன்னும். ம். சரி, நம்ம ஆஸ்பத்திரிக்கே கொண்டு வா. காசைப் பத்தி நான் கேட்டனா? மயக்க டாக்டருக்கு நான் சொல்லிக்கறேன். ஒண்ணே ஒண்ணு, வண்டியைப் பின் வாசலுக்கு விடச் சொல்லு. ஞாயித்துக்கிழமை, பாக்க வந்தவங்க முன் ஹால் நெறைய உக்காந்திருப்பாங்க. அதுக்குச் சொல்லல சாமி. ஹலோ. ஹலோ.

வெச்சுட்டா.

திமிரைப் பாத்தீங்களா தம்பி. நீங்களே கேட்டீங்க, நான் கொண்டு வான்னு சொன்னேனா இல்லையா? மலையில ஒரு பொண்ணு, நிறைமாசம், நஞ்சுக்கொடி கீழே இறங்கி ரத்தம் கொட்டுது. உடனே ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுக்கணும். வண்டி பாதி மலை இறங்கிருச்சு. பக்கத்துல தியேட்டர் இருக்கறது என்கிட்டத்தான். சரின்னேன். பின் வாசல்னு சொன்னது ஒரு குத்தம். "அப்படின்னா நான் கோயமுத்தூருக்கே போறேம்பா"ன்னு வெச்சுட்டா. கோயமுத்தூரு எங்கே கிடக்குது. போற வழியில அந்தப் பொண்ணு தாங்குமா? தாங்காதுன்னு அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னும் அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அப்பன்கிட்டப் பிடிவாதம் புடிக்கறா. ஓர் உசிரை நடுவுல வெச்சுக்கிட்டு, எந்த வாசல்னு பேரம் பேசறா. வாசல்ல என்னங்க இருக்குது? சொல்லுங்க. வாசல்ல என்ன இருக்குது?

இருங்க. நான் ஆஸ்பத்திரி ஹெட் நர்சுகிட்டப் பேசிக்கறேன்.

கலாமணி, நான்தான் பேசறேன். தியேட்டரை ரெடி பண்ணு. மயக்க டாக்டரை உடனே வரச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லு. பாப்பாவைக் கூப்பிட்டு முன் வாசலுக்கே வண்டியை விடச் சொல்லு. ஆமா, முன் வாசல். உனக்குக் காது கேக்குதில்ல? இன்னொண்ணு. முன் ஹால்ல உக்காந்திருக்கற அத்தனை பேரையும் மாடிக்கு அனுப்பிரு. கொசு மருந்து அடிக்கப் போறோம்னு சொல்லு. ஒருத்தர் இருக்கக்கூடாது. சோபா எல்லாம் காலியா இருக்கணும். ஆச்சுன்னா போன் பண்ணு.

அவ்வளவுதானுங்க. அவ கேட்ட மாதிரி முன் வாசல் ஆச்சு, பாக்கறதுக்கும் ஆள் இல்ல. எதுக்கும் புத்தி வேணும். இருபத்தெட்டு வயசுப் பிள்ளைக்கு இந்தப் புத்தி எங்கே வரும்.

நீங்க தூங்கறதுன்னா தூங்குங்க தம்பி. சேலம் தாண்டிருச்சு. எனக்கு வராது. இந்நேரம் தியேட்டருக்குள்ள போயிருப்பா. நஞ்சு கீழே இருக்கற கேஸ் லேசுப்பட்டது இல்லீங்க. குழந்தையை எடுத்த அப்புறம்தான் ரத்தம் பொங்கும், அங்கதான் நல்ல நல்ல டாக்டருங்களே பதறிப்போவாங்க. அவ பதற மாட்டா. சின்ன வயசுல கால்ல கண்ணாடி குத்தினப்போக்கூட, தானே உக்காந்து புடுங்கினவ. அழவே இல்ல. இதையெல்லாம் நான் வெளியே சொல்லிக்கறது இல்ல.

ஏனுங்க, இந்த இடத்துல டவர் கிடைக்குமுங்களா? மலையா இருக்குது. உங்க போன்ல பாருங்க. என்னதுல ஒரு கோடுதான் காட்டுது.

வந்துருச்சு. கலாமணி, சொல்லு. ரெண்டு உசிருமா? நல்லாக் கேட்டுச் சொல்லு, ரெண்டுமா? சரி. சரி. பொண்ணா? எடை? பரவால்ல. பாப்பா ஏதாவது சாப்பிட்டாளா? குடிக்கவாச்சும் கொடுத்தீங்களா?

பொழைச்சுக்கிட்டாங்க தம்பி. ரெண்டு பேரும்.

இரு கலாமணி, என்னது அங்கே இரைச்சல்? என் ஆஸ்பத்திரியில சந்தையா நடக்குது? யாரு வந்திருக்காங்க? எத்தனை பேரு? எங்கே உக்காந்திருக்காங்க? யாரைக் கேட்டு உள்ளே விட்டே? நானா? நான் எப்பச் சொன்னேன்? ம். ம். யாரு, அந்தம்மாவா? என்ன சொன்னாங்க? இன்னொரு தடவை சொல்லு. சரி, வை.

கேட்டீங்களா தம்பி. ஆம்புலன்ஸுக்குப் பின்னாடியே ரெண்டு ஜீப்புல மலைச் சனம் இறங்கி வந்திருக்குது. ரத்தம் வேணும்னா கொடுக்கறதுக்காம். டாக்டர் மரகதமும் வந்திருக்காங்க, எம் மகள் ஆபரேஷனுக்குத் துணைக்குக் கூப்பிட்டிருக்கா. மலைச் சனம் மொத்தமும் முன் ஹால்ல, என் சோபாவுல உக்காந்திருக்குது. வசுமதி வீட்டு டம்ளர்ல எல்லாருக்கும் காப்பி ஆத்திக் கொடுக்கறாளாம். மாடிக்குப் போனவங்க படியில நின்னு எட்டிப் பாக்கறாங்களாம்.

யாரு விட்டதுன்னு கேட்டா, அந்தக் கலாமணி சொல்றா: "நீங்கதானுங்க சார் இவங்க வர்றாங்கன்னு ஹாலைக் காலி பண்ணி வெக்கச் சொன்னீங்க. நான் மேடத்துகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

எந்த மேடம்னு கேட்டேன். மரகதம் மேடமாம். ஆபரேஷன் முடிஞ்சு வெளியே வந்து நின்னு, அத்தனை பேர் முன்னாடியும், 'டாக்டர் குழந்தைவேல் உங்களுக்காக இந்த ஹாலையே காலி பண்ணிக் கொடுத்திருக்காரு'ன்னு சொல்லுச்சாம். எல்லாரும் கை தட்டினாங்களாம். எம் மகளும் தட்டினாளாம்.

என்னைப் பாராட்டறாங்களாம் தம்பி. என் சோபாவுல உக்காந்துக்கிட்டு.